கட்டவிழ்ந்த விலங்கின் மூளை: தலையிற் சுமக்கும் சிறு கமராவின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1. தோற்றுவாய்

விஞ்ஞானக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் தனிப்பட்ட மேதைகளின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. கருவியொன்று ஒருவரது சிந்தையில் உதித்தது, அவர் அதனைச் செய்தார், உலகம் பயன்பெற்றது என்ற முறையில் அமையும் விவரணம் படிப்பதற்கு இனிமையானதே. எனினும் அது முக்கியமான சில வினாக்களை விடையின்றி விட்டுவிடுகின்றது. அக்கருவி ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஏன் தோன்றவில்லை? அதன் உறுப்புக்கள் எத்தொழில்களிலிருந்து வந்தன? அதனை உடையார் யார், இல்லார் யார்? 1931ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மகாநாட்டில் போரிஸ் ஹெசன் நியூற்றனின் ஆக்கத்தை அக்காலச் சமூக பொருளாதார அடித்தளத்தோடு இணைத்து ஆராய்ந்தார். 1954இல் ஜே. டி. பேர்ணால் விஞ்ஞானத்தின் வரலாற்றைச் சமுதாய வரலாற்றின் ஒரு கூறாகவே எழுதினார். மேற்கூறிய வினாக்கள் ஆய்வுக்குரியன என்ற எண்ணம் வலுப்பெற இவ்விரு முயற்சிகளும் பெரிதும் உதவின.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் கருவி மிகச் சிறியது. ஏறத்தாழ இரண்டு கிராம் நிறையுடையது. சுண்டெலியொன்றின் தலையிற் பொருத்தப்பட்டு, அது ஓடியும் நின்றும் உணவு தேடியும் திரியும்போது அதன் மூளையிலுள்ள நூற்றுக்கணக்கான நரம்புக்கலங்கள் எப்போது கிளர்ச்சியுறுகின்றன என்பதைப் படமாக்கித் தருவது. கமரா எனவும் நுணுக்குக்காட்டி எனவும் இதனை அழைக்கலாம். உண்மையில் அது இரண்டுமே. 2011ஆம் ஆண்டளவில் இன்றைய வடிவத்தைப் பெற்ற இக்கருவி, உடற்றொழிலியலின் பழைய சிக்கலொன்றுக்கு விடையாக வந்தது. அச்சிக்கல் இதுதான்: உயிர் வாழ்வின் இயல்பு இயக்கம், ஆனால் அளவீட்டின் தேவை அசைவின்மை. கட்டிவைக்கப்பட்ட விலங்கிலிருந்து பெறும் அறிவு, கட்டற்ற விலங்கைப் பற்றிய அறிவு ஆகுமா? இவ்வினாவை மையமாகக் கொண்டே பின்வரும் குறிப்புகள் அமைகின்றன.

2. தந்திக் கம்பியின் கொடை

மூளையிலே மின் ஓட்டம் உண்டென்பதை முதன்முதலில் அளந்து அறிவித்தவர் லிவர்பூல் நகரத்து மருத்துவரான றிச்சாட் கேற்றன். 1875ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் எடின்பரோவிற் கூடிய பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் முன்னிலையில் முயல்களினதும் குரங்குகளினதும் மூளைகளிலே தாம் கண்டவற்றை அவர் எடுத்துரைத்தார். திறந்துவிடப்பட்ட மூளையின் மேற்பரப்பில் மின்வாய்களை வைத்துக் கல்வனோமானி மூலம் ஓட்டத்தை நோக்கினார் அவர். தலை திருப்புதலோடும் மெல்லுதலோடும் தொடர்புடையன என ஏலவே அறியப்பட்டிருந்த பகுதிகளில், விலங்கு அச்செயல்களைச் செய்யும்போது மின்னோட்டம் மாறியதை அவர் அவதானித்தார். கண்ணில் ஒளி படும்போதும் அத்தகைய மாற்றம் தோன்றிற்று. மூளையின் செயலையும் உடலின் இயக்கத்தையும் ஒருங்கே நோக்கவேண்டும் என்ற எண்ணம் இத்துறையின் முதல் அறிக்கையிலேயே கருக்கொண்டிருந்தது என்பது மனங்கொளத்தக்கது.

கேற்றன் கையாண்ட கல்வனோமானி எங்கிருந்து வந்தது? சிறு கண்ணாடியொன்றிலிருந்து தெறிக்கும் ஒளிக்கற்றை மூலம் மிக நுண்ணிய ஓட்டத்தையும் காட்டவல்ல அக்கருவி, வில்லியம் தொம்சனால் 1858ஆம் ஆண்டளவில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே போடப்பட்ட தந்திக் கம்பியின் தேவைக்காக உருவாக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து தேய்ந்து வரும் குறிகளை வாசிப்பதற்கு அத்தகைய நுண்மை வேண்டியிருந்தது. வணிகமும் பேரரசும் விரிந்தபோது கடலடித் தந்தி அவற்றின் நரம்பாயிற்று. அந்நரம்பினை வாசிப்பதற்கெனச் செய்யப்பட்ட கருவி முயலின் நரம்பை வாசிக்கவும் பயன்பட்டது. மூளை ஆய்வின் கருவிகள் மூளை ஆய்வுக்கெனவே தோன்றுபவை அல்ல, பிற தொழில்களிலிருந்து இரவல் பெறப்படுபவை என்ற உண்மையை இவ்விடத்திலேயே நாம் காணத் தொடங்குகின்றோம்.

கேற்றன் தமது அறிக்கையைச் சமர்ப்பித்ததற்கு அடுத்த ஆண்டிலேயே, 1876இல், விலங்குகளை வைத்துச் செய்யும் பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. உயிருள்ள விலங்கை அறுத்து ஆராய்வது அறமா என்ற விவாதம் அக்காலத்துப் பொதுமக்களையும் மருத்துவரையும் பிளவுபடுத்தியிருந்தது. ஆகவே, மூளையின் மின்னியக்கத்தை ஆராயும் துறையும் அதனைப் பற்றிய அறக் கேள்வியும் ஏறத்தாழ ஒரே காலத்திற் பிறந்தவை எனலாம்.

3. கட்டை அவிழ்க்கும் முயற்சிகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நரம்பு உடற்றொழிலியல் பெரும்பாலும் மயக்கமருந்து ஊட்டப்பட்ட விலங்கின் உடற்றொழிலியலாகவே இருந்தது. இதற்கு மாறாக, சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் வோல்ற்றர் ஹெஸ் மெல்லிய மின்வாய்களைப் பூனைகளின் மூளையினுள் நிலையாகப் பதித்து, அவை விழித்துச் சுயேச்சையாக நடமாடும்போது மூளையின் ஆழ்பகுதிகளைத் தூண்டி ஆராய்ந்தார். பூனை சீறியது, சில வேளைகளிற் சுருண்டு படுத்து உறங்கியது. நடத்தை முழுமையாக வெளிப்படுவதற்கு விலங்கு கட்டற்றிருத்தல் வேண்டும் என்பது இதனாற் புலப்பட்டது. இவருக்கு 1949இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே பரிசின் மறுபாதி போர்த்துக்கேயரான எகாஸ் மொனிஸ் என்பவருக்குச் சென்றது. உளநோயாளரின் மூளையின் முன்மடல் இழைகளை வெட்டும் சத்திரசிகிச்சையே அவரது சாதனையாகக் கொள்ளப்பட்டது. ஒரே மேடையில் ஒருவர் விலங்கினைக் கட்டவிழ்த்து அறிந்தமைக்காகவும், மற்றொருவர் மனிதரின் மூளையை வெட்டியமைக்காகவும் கௌரவிக்கப்பட்டனர். விஞ்ஞானம் என்றும் நேர்கோட்டில் முன்னேறுவது என்று கருதுவோர் இதனைச் சற்று ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும்.

தூண்டுவது வேறு, கேட்பது வேறு. இயங்கும் விலங்கின் தனியொரு நரம்புக்கலத்தின் மின்துடிப்பைப் பதிவுசெய்வது மேலும் கடினமானது. அமெரிக்க இராணுவத்தின் வோல்ற்றர் றீட் ஆய்வு நிறுவனத்திற் பணிபுரிந்த டேவிட் ஹியூபெல், 1957இல் தங்குதன் உலோகத்தாலான நுண்மின்வாயை விவரித்தார். 1959இற் கட்டப்படாத பூனைகளின் பார்வை மேற்பட்டையிலிருந்து தனிக்கலப் பதிவுகளை வெளியிட்டார். அதே 1959ஆம் ஆண்டில் றசல், பேர்ச் என்னும் இருவர் எழுதிய நூலொன்று, பரிசோதனைகளில் விலங்குகளுக்குப் பதிலீடு காணுதல், அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தல், செய்முறையை வேதனை குறைந்ததாகச் செம்மைப்படுத்தல் என்ற மூன்று கோட்பாடுகளை முன்வைத்தது. இன்று உலகின் பல நாடுகளில் நடைமுறையிலுள்ள ஒழுங்குவிதிகளுக்கு அம்மூன்றுமே அடிப்படையாகும்.

கட்டற்ற விலங்கிலே மட்டும் காணக்கூடிய உண்மைகள் உள்ளன என்பதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது 1971ஆம் ஆண்டு வெளிவந்த சிறு கட்டுரையொன்றாகும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஜோன் ஓகீப், ஜொனதன் டொஸ்ற்றோவ்ஸ்கி ஆகியோர் எலியின் ஹிப்போகாம்பஸ் எனும் பகுதியிலே, விலங்கு குறித்தவொரு இடத்தை அடையும்போது மட்டும் துடிக்கும் கலங்களைக் கண்டனர். இவை இடக்கலங்கள் எனப் பெயர் பெற்றன. அசையாது கிடக்கும் எலிக்கு ‘இடம்’ என்று ஒன்று மாறுவதில்லை. ஆகவே கட்டுண்ட எலியை எத்தனை காலம் ஆராய்ந்தாலும் இக்கலங்களின் பொருள் விளங்கியிராது. பின்னர் 2005இல் நோர்வேயைச் சேர்ந்த மே-பிறித் மோசர், எட்வாட் மோசர் ஆகியோரின் குழு அயற்பகுதியொன்றில் வலைக்கலங்களை இனங்கண்டது. 2014இல் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எனினும் மின்வாய்க்குச் சில எல்லைகள் உள்ளன. அது தன் முனைக்கு அருகிலுள்ள சில கலங்களின் ஓசையையே கேட்கும். இன்று கேட்ட கலத்தைத்தான் அடுத்த மாதமும் கேட்கின்றோமா என்பதை உறுதிசெய்தல் அரிது. கலத்தின் வகையையோ அதன் துல்லியமான இருப்பிடத்தையோ அது காட்டாது. கேட்பதிலிருந்து காண்பதற்குச் செல்லவேண்டிய தேவை இவ்வாறே எழுந்தது.

4. மின்னிலிருந்து ஒளிக்கு

நரம்புக்கலம் துடிக்கும்போது கல்சியம் அயன்கள் அதனுட் புகுகின்றன. கல்சியத்தைக் கண்டதும் ஒளிரும் பொருளொன்றைக் கலத்தினுள் வைத்தால், துடிப்பு ஒளியாக வெளிப்படும். எளிமையான இக்கருத்து நடைமுறைக்கு வருவதற்கு அரை நூற்றாண்டு சென்றது.

அதன் தொடக்கம் கடலில் உள்ளது. 1961ஆம் ஆண்டுக் கோடையில், ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பிறைடே ஹாபரில், யப்பானிய இரசாயனவியலாளரான ஒசாமு சிமோமுறா ஏறத்தாழ பத்தாயிரம் சொறிமுட்டைகளைச் சேகரித்து, அவற்றின் ஒளிக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுக்க முயன்றார். 1945இல் நாகசாக்கியின் மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, அருகிலுள்ள இசஹாயாவில் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்த பதினாறு வயது மாணவர் அவர். 1962இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கல்சியத்தோடு சேரும்போது ஒளிரும் ஏகுவோரின் எனும் புரதத்தை விவரித்தது; உடனிருந்த பச்சைப் புளோரொளிர்வுப் புரதத்தையும் குறிப்பிட்டது. 1967இல் ஏகுவோரினைத் தசைநாரினுட் செலுத்தி, தசை சுருங்கும்போது உட்கல்சியம் உயர்வதை ஆய்வாளர் ஒளியாகக் கண்டனர். 1980களில் றொஜர் சியன் கல்சியத்தை உணரும் செயற்கைச் சாயங்களை ஆக்கினார்.

பச்சைப் புரதத்தின் பரம்பரையலகை 1992இற் பிரித்தெடுத்தவர் டக்ளஸ் பிறாஷர். அவருக்குத் தொடர்ந்து நிதியுதவி கிடைக்கவில்லை. ஆய்வைக் கைவிடுமுன் அப்பரம்பரையலகை மார்ற்றின் சால்பி, சியன் ஆகியோருக்கு அவர் அனுப்பிவைத்தார். 1994இல் சால்பி அதனைப் பிற உயிரிகளிற் செயற்படச் செய்தார். 2008ஆம் ஆண்டு சிமோமுறா, சால்பி, சியன் ஆகிய மூவருக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, பிறாஷர் அலபாமா மாநிலத்தில் மோட்டார் வாகன விற்பனை நிலையமொன்றின் வாடிக்கையாளரை ஏற்றியிறக்கும் சாரதியாக வேலைசெய்துகொண்டிருந்தார். பரிசு பெற்ற இருவர் தம் செலவில் அவரையும் அவர் மனைவியையும் விழாவுக்கு அழைத்துச் சென்றனர் என்பது அவர்களது பெருந்தன்மையைக் காட்டும். ஆனால் பெருந்தன்மை தனிமனிதருக்குரியது. பிறாஷரை ஆய்வுகூடத்திலிருந்து வெளியேற்றியதோ ஆய்வு நிதி பங்கிடப்படும் ஒழுங்கமைப்பு. சமூக உழைப்பின் விளைவான விஞ்ஞானம் மூன்று பெயர்களுக்குள் அடங்கிவிடுவதன் குறைபாட்டுக்கு இதனினும் தெளிந்த உதாரணம் தேடவேண்டியதில்லை.

2001இல் யப்பானைச் சேர்ந்த ஜுனிச்சி நக்காயும் உடனாய்வாளரும் பச்சைப் புரதத்தைக் கல்சியத்தைப் பற்றும் இன்னொரு புரதத்தோடு இணைத்து, கல்சியம் கூடினால் ஒளி கூடும் உணரியொன்றை ஆக்கினர். ஜீகாம்ப் எனப் பெயர் பெற்ற அது படிப்படியாகச் செம்மையுற்றது. அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகம் 2013இல் வெளியிட்ட ஆறாவது வடிவம் தனித் துடிப்புக்களையும் காட்டவல்லதாயிற்று. பரம்பரையலகாக மூளையினுள் இடப்படுவதால், குறித்த வகைக் கலங்களில் மட்டும் பல மாதங்களுக்கு இவ்வுணரி நிலைத்திருக்கும். கலம் தானே தன்னை ஒளியால் அறிவிக்கத் தொடங்கிவிட்டது. அதனைக் காண்பதற்கு வேண்டிய கண்தான் இன்னும் பாரமானதாக இருந்தது.

5. கமராவைச் சுமந்த உயிரினங்கள்

இயங்கும் விலங்கையும் கமராவையும் இணைக்கும் ஆவல் புதியதன்று. பிரெஞ்சு உடற்றொழிலியலாளரான மரே, 1882இற் பறவைகளின் பறப்பை ஆராய்வதற்குத் துப்பாக்கி வடிவிலான கமராவை அமைத்து, ஒரு செக்கனிற் பன்னிரண்டு படங்களை எடுத்தார். அங்கு கமரா விலங்கைத் தொடர்ந்தது. விலங்கே கமராவைச் சுமக்கும் நிலை ஜேர்மனியில் தோன்றியது. குறொன்பேர்க் ஊரைச் சேர்ந்த மருந்தாளர் யூலியஸ் நொய்புறொன்னர், மருந்து கொண்டுசெல்லத் தாம் வளர்த்த புறாக்களின் மார்பிற் பூட்டக்கூடிய சிறு கமராவை ஆக்கி, 1908இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். புறா சுமக்கக்கூடிய உச்ச நிறை ஏறத்தாழ 75 கிராம் என அவர் கணக்கிட்டிருந்தார். எதிரியின் நிலைகளைப் படமெடுக்க இது உதவும் என்று இராணுவம் ஆர்வம் காட்டிற்று; ஆனால் விமானத்தின் வளர்ச்சி புறாவைப் பின்தள்ளிவிட்டது.

புறாவின் கமரா வெளியுலகை நோக்கியது. நாம் ஆராயும் கமரா அதனைச் சுமக்கும் விலங்கின் உள்ளே நோக்குவது. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை விதி ஒன்றே: சுமப்பவரின் வலிமையே கருவியின் எல்லை. வளர்ந்த சுண்டெலியின் நிறை ஏறத்தாழ 25 முதல் 30 கிராம். அதன் தலையில் ஓரிரு கிராமுக்கு மேல் ஏற்றினால் அதன் நடை மாறிவிடும். நடை மாறினால் ஆய்வின் நோக்கமே கெட்டுவிடும்.

2001இல் பிரிற்ஸ் ஹெல்ம்ஷென், மைக்கல் பீ, டேவிட் ராங்க், வின்பிறீட் டெங்க் ஆகியோர் தலையிற் பொருத்தும் இருபோட்டன் நுணுக்குக்காட்டியை வெளியிட்டனர். ஒரே கணத்தில் இரு ஒளித்துணிக்கைகள் உறிஞ்சப்படக்கூடும் என்று 1931இல் மரியா கோப்பேட்-மாயர் கோட்பாட்டு ரீதியாக முன்மொழிந்த நிகழ்வே இவ்வகை நுணுக்குக்காட்டிக்கு அடிப்படை. 1990இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்றிக்லர், வெப் ஆகியோர் அதனை நுணுக்குக்காட்டியாக்கியிருந்தனர். 2001ஆம் ஆண்டுக் கருவியில் லேசர் ஒளி கண்ணாடி நாரொன்றினூடு தலைக்கு வந்தது. நாரின் நுனியை அதிரச் செய்து படம் வரையப்பட்டது. அதன் நீளம் 7.5 சென்ரிமீற்றர், நிறை 25 கிராம். சில நூறு கிராம் நிறையுள்ள எலி அதனைச் சுமக்கலாம். சுண்டெலிக்கோ அது தன்னையொத்த இன்னொரு சுண்டெலியைத் தலையிற் சுமப்பதற்கு ஒப்பாகும்.

2008இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் சினிற்சர் குழுவினர் 1.1 கிராம் நிறையுடைய கருவியொன்றைச் செய்தனர். ஒளிமூலமும் கமராவும் மேசையிலேயே இருந்தன. கண்ணாடி நார்க் கற்றையொன்று ஒளியையும் படத்தையும் கடத்திற்று. நிறை குறைந்தது. ஆனால் விலங்கு திரும்புந்தோறும் நார்க்கற்றை அதனைத் தடுத்தது. கட்டு மெலிந்ததேயன்றி அவிழவில்லை.

திருப்பம் 2011இல் நிகழ்ந்தது. அதே பல்கலைக்கழகத்தில் குணால் கோஷ், மின்னியற் பொறியியலாளரான அபாஸ் எல் கமால், சினிற்சர் முதலியோர் ஒளிமூலம், வில்லைகள், வடிகட்டிகள், படவுணரி ஆகிய அனைத்தையும் 1.9 கிராம் நிறையினுள் அடக்கினர். மெல்லிய மின்கம்பிகள் மட்டுமே விலங்கை வெளியுலகோடு இணைத்தன. சுயேச்சையாக நடமாடும் சுண்டெலிகளின் சிறுமூளையில் இருநூறுக்கும் மேற்பட்ட பேர்க்கின்ஜி கலங்களை ஒருங்கே அவர்கள் நோக்கினர். விலங்கு நடக்கும்போது குறுவலயங்களிலுள்ள கலங்கள் ஒத்திசைந்து துடிப்பதைக் கண்டனர்.

இது ஏன் 2011இற் சாத்தியமாயிற்று? ஒளிமூலம் நீல ஒளியுமிழ் இருவாயி. அது 1990களில் யப்பானிலே அகசாக்கி, அமானோ, நகமுறா ஆகியோரின் முயற்சியால் உருவாகி, விளக்குகளுக்கும் திரைகளுக்குமாகப் பெருந்தொகையில் உற்பத்தி செய்யப்பட்டது. படவுணரியின் வரலாறோ, விண்கலங்களுக்குச் சிறு கமரா வேண்டி அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஆய்வுகூடமொன்றில் எரிக் பொசம் 1990களில் மேற்கொண்ட முயற்சியோடு தொடர்புடையது. கையடக்கத் தொலைபேசி அதனைக் கோடிக்கணக்கிற் பெருக்கி மலிவாக்கிற்று. கேற்றனுக்குத் தந்தி கொடுத்ததைச் சினிற்சர் குழுவுக்குத் தொலைபேசி கொடுத்தது. நீல ஒளி இருவாயிக்கான பௌதிகவியற் பரிசும், இடக்கலங்களுக்கான மருத்துவப் பரிசும் ஒரே 2014ஆம் ஆண்டில் வழங்கப்பட்டன. அவ்விரண்டும் சுண்டெலியின் தலைமீது முன்னரே சந்தித்துவிட்டன எனலாம்.

6. கண்டவை

கருவியின் மதிப்பு அது வெளிக்கொணரும் உண்மையைப் பொறுத்தது. 2013இல் யானிவ் சிவ் முதலியோர், ஹிப்போகாம்பசின் இடக்கலங்களை நாற்பத்தைந்து நாட்கள் தொடர்ந்து நோக்கிய ஆய்வை வெளியிட்டனர். ஒரே இடத்துக்குச் சுண்டெலி மீண்டும் மீண்டும் சென்றபோதும், எவையேனும் இரு நாட்களில் அவ்விடத்தைக் குறித்த கலத்தொகுதிகளில் ஏறத்தாழ 15 முதல் 25 வீதமானவை மட்டுமே பொதுவாக இருந்தன. ஆனால் பொதுவாக எஞ்சிய கலங்கள் குறிக்கும் இடம் மாறவில்லை. நினைவு என்பது கல்லிற் பொறித்த எழுத்துப்போல நிலைத்த கலங்களில் உறைவது என்ற எண்ணம் இதனால் தளர்ந்தது. உறுப்பினர் மாறினும் அமைப்பு நிலைபெறுவது எங்ஙனம் என்ற புதிய வினா எழுந்தது.

2016இல் வெளியான கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆய்வொன்று இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. டெனிஸ் காய், அல்சினோ சில்வா முதலியோர், ஐந்து மணித்தியால இடைவெளியிற் சுண்டெலிகள் கண்ட இரு இடங்களைக் குறிக்கும் கலங்கள் பெரிதும் ஒன்றிக்கின்றன என்றும், ஏழு நாள் இடைவெளியில் அவ்வொற்றுமை குறைகின்றது என்றும் காட்டினர். அண்மித்த காலத்து நினைவுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைகின்றன. இரண்டாவது இடத்திற் பெற்ற அச்சம் முதலாவது இடத்துக்கும் பரவுகின்றது. முதிய சுண்டெலிகளில் இப்பிணைப்பு நலிந்திருந்தது. முதுமையில் நினைவு தளர்வதை விளங்கிக்கொள்வதற்கு இது ஒரு வாயில். அதே ஆண்டிற் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தினர் சீப்ரா பிஞ்ச் எனும் சிறு பறவையின் தலையில் இத்தகைய கருவியைப் பொருத்தி, அதன் பாடல் மாறாதிருக்கையிலும் அதனைத் தாங்கும் தனிக்கலங்களின் செயற்பாடு நாளுக்கு நாள் மாறுவதைக் கண்டனர்.

எதிர்வாதமொன்றையும் இங்கு நேர்மையோடு குறிப்பிடல் வேண்டும். 2007இல் டொம்பெக், ராங்க் முதலியோர், தலை இறுகப் பிணைக்கப்பட்ட சுண்டெலியைக் காற்றில் மிதக்கும் பந்தொன்றின் மீது ஓடவிட்டு, பெரிய நுணுக்குக்காட்டியால் அதன் மூளையை நோக்கினர். பின்னர் அதன் முன்னே செயற்கைக் காட்சியுலகொன்றும் அமைக்கப்பட்டது. அங்கும் இடக்கலங்கள் காணப்பட்டன; படமும் தெளிவானது. அப்படியாயின் விலங்கைக் கட்டவிழ்க்கவேண்டிய அவசியம் என்ன என்று வினவலாம். ஆனால் 2013இல் மயாங்க் மேத்தா குழுவினர் எலிகளிற் செய்த ஒப்பீடு, செயற்கை உலகில் ஹிப்போகாம்பசின் கலங்கள் மெய்யுலகிலும் பார்க்கக் குறைந்த எண்ணிக்கையிலேயே இயங்குகின்றன எனக் காட்டிற்று. தலை திரும்பாதபோது உட்காது தரும் சமநிலை உணர்வு இல்லை. நெருங்கி வரும் இன்னொரு விலங்கின் மணமில்லை. ஓடி ஒளியும் வாய்ப்பில்லை. கட்டுண்ட விலங்கு தரும் விடை பொய்யன்று, ஆனால் அது கட்டுண்ட நிலைக்குரிய விடை என்பதே எமது கருத்து.

7. உடைமை பற்றிய வினா

2011இலேயே இக்கருவியை வணிக ரீதியாக உற்பத்தி செய்யும் நிறுவனமொன்று அதன் ஆக்குநர்களால் நிறுவப்பட்டது. நன்கமைந்த கருவிகள் பல ஆய்வுகூடங்களுக்குக் கிடைத்தன என்பது உண்மை. அவற்றின் விலை பல ஆய்வுகூடங்களுக்கு எட்டாததாயிருந்ததும் உண்மையே. இதற்கு மறுமொழியாகவே லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் டானியல் அஹரோனி, பெய்மன் கொல்சனி, பல்ஜித் காக், அல்சினோ சில்வா ஆகியோர் ஏறத்தாழ மூன்று கிராம் நிறையுடைய கருவியொன்றை ஆக்கி, அதன் வரைபடங்கள், உறுப்புப் பட்டியல், கணினி நிரல்கள் அனைத்தையும் எவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டனர். ஓரிரு ஆயிரம் டொலர் செலவில் அதனைத் தாமே பொருத்திக்கொள்ள ஆய்வாளருக்கு வழி பிறந்தது. பயிற்சிப் பட்டறைகளும் நடத்தப்பட்டன. மேற்சொன்ன 2016ஆம் ஆண்டு நினைவாய்வு இக்கருவியின் துணையோடு செய்யப்பட்டதே.

ஆய்வுக்கருவியின் தனியுடைமையும் பொதுவுடைமையும் ஒன்றையொன்று தூண்டி வளர்ந்த இந்நிகழ்வு வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது. கருவியைத் தானே அமைத்தவர் அதன் குறைகளையும் அறிவார்; அறிந்து திருத்தவும் செய்வார். விலைக்கு வாங்கியவர் விற்பவரைச் சார்ந்தே நிற்பார். வளங் குறைந்த நாடுகளின் பல்கலைக்கழகங்கள் பிறர் வகுத்த வினாக்களுக்குத் தரவு சேகரிப்பவையாக மட்டும் அமையாது தம் வினாக்களைத் தாமே எழுப்பவேண்டுமாயின், இவ்வேறுபாடு அவற்றுக்குச் சிறிய விடயமன்று.

இக்காலத்தில் இத்துறையின் மையமும் பரந்தது. 2017இற் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் செங் ஹெபிங் குழுவினர் 2.15 கிராம் நிறையுடைய இருபோட்டன் கருவியை வெளியிட்டனர். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் 25 கிராமாக இருந்தது ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அவ்வாய்வின் முதலாசிரியரான சொங் வெய்ஜியன் பின்னர் நோர்வேயில் மோசர்களோடு இணைந்து, 2022இல் மூன்று கிராமுக்குட்பட்ட கருவியால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலங்களை நோக்கும் முறையை வெளியிட்டார். அதன் அமைப்பு விபரங்களும் பொதுவில் வைக்கப்பட்டன.

8. எல்லைகளும் எச்சரிக்கைகளும்

இக்கருவியை வியந்து நிற்பதோடு நாம் அமைந்துவிடலாகாது. முதலாவதாக, அது காட்டுவது சிந்தனையை அன்று, கல்சியத்தின் ஒளியை. மின்துடிப்பு ஆயிரத்திலொரு செக்கனில் முடிந்துவிடும். ஒளியோ அதனினும் பன்மடங்கு தாமதித்தே எழுந்து தேயும். ஒளிர்ந்த கலங்களின் பட்டியல் நினைவாகிவிடாது. கூடியிருந்தோரின் பெயர்ப்பட்டியல் கூட்டத்தின் தீர்மானம் ஆகிவிடாதது போல.

இரண்டாவதாக, ‘கட்டற்ற’ என்ற சொல்லையும் நாம் எச்சரிக்கையோடு கையாளல் வேண்டும். மண்டையோடு திறக்கப்பட்டு, ஆழ்பகுதிகளை நோக்குவதற்காக மேலுள்ள மூளையிழையத்தின் ஒரு பகுதி அகற்றப்பட்டு, கண்ணாடி வில்லை செருகப்பட்ட சுண்டெலியே அங்கு நடமாடுகின்றது. அதன் சுதந்திரம் பெட்டியொன்றின் நான்கு சுவர்களுக்குட்பட்டது. ஒரே விலங்கினைப் பல வாரங்கள் நோக்க முடிவதால் ஆய்வுக்கு வேண்டிய விலங்குகளின் தொகை குறையலாம் என்பது மெய்யே. 1959இற் கூறப்பட்ட மூன்று கோட்பாடுகளில் ஒன்று அதனால் ஓரளவு நிறைவேறுகின்றது. ஆயினும் 1876இல் எழுந்த வினா தீர்ந்துவிட்டது என்று எவரும் கூறவியலாது.

மூன்றாவதாக, நிதி வழங்குவோர் யார் என்பதையும் நோக்கல் தகும். 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அறிவித்த மூளை ஆய்வுத் திட்டத்தின் முதலாண்டுக்கென முன்மொழியப்பட்ட தொகைகளில் மிகப் பெரியது, சுகாதார நிறுவனங்களின் 40 மில்லியன் டொலரன்று. பாதுகாப்புத் துறையின் உயர் ஆய்வு முகவரகத்தின் 50 மில்லியன் டொலராகும். காயமுற்ற போர்வீரரின் மருத்துவ நலன் இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அதனை முற்றாக மறுக்க வேண்டியதில்லை. ஆனால் புறாவின் மார்பிற் பூட்டிய கமராவையும் இராணுவமே முதலில் விரும்பிற்று என்பதை வரலாறறிந்தோர் மறத்தலாகாது. இயங்கும் உயிரின் மூளையை அதனறிவின்றி வாசிக்கும் ஆற்றல், அது எத்துணை முதிராநிலையில் இருப்பினும், எவர் கைக்குச் செல்கின்றது என்பது சமுதாயம் முழுவதற்கும் உரிய வினாவாகும். விஞ்ஞானிகளிடம் மட்டும் அதனை ஒப்படைத்துவிட்டு ஏனையோர் ஒதுங்கிவிட முடியாது.

9. முடிவுரை

கேற்றனின் மேசையிற் கிடந்த முயல் முதல் பெட்டியினுள் ஓடித் திரியும் சுண்டெலி வரையிலான ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாற்றிலிருந்து நாம் மூன்று முடிவுகளைப் பெறலாம். கருவி தனித்துப் பிறப்பதில்லை. தந்தி, விளக்கு, விண்கலம், தொலைபேசி எனப் பல தொழில்களின் உழைப்பு அதனுள் உறைந்திருக்கின்றது. அறிவு அதனைப் பெறும் நிலைமையிலிருந்து பிரிக்கவொண்ணாதது. உயிரை எந்நிலையில் வைத்து வினவுகின்றோமோ அந்நிலைக்கேற்ற விடையையே அது தரும். கருவி பொதுவாகும்போதே அதனாற் பெறும் அறிவும் பொதுவாகும் வாய்ப்புண்டு.

இம்மூன்றில் இரண்டாவதை நாம் சிறப்பாக வலியுறுத்த விரும்புகின்றோம். கட்டிவைத்து அளந்ததை உயிரின் இயல்பென்று கொண்டுவிடும் தவறு நரம்பியலுக்கு மட்டும் உரியதன்று. மனிதரையும் சமூகங்களையும் ஆராயும் துறைகளிலும் அது நிகழ்ந்துள்ளது. அடங்கியிருந்தோரைக் கண்டு அடக்கம் அவர்தம் இயல்பென எழுதிய நூல்கள் பல. இரண்டு கிராம் நிறையுள்ள இச்சிறு கமரா சுண்டெலியின் மூளையைப் பற்றிச் சொல்பவை ஒருபுறமிருக்க, ஆய்வாளராகிய எமக்குச் சொல்வது இது: விடையைக் குறித்துக்கொள்ளுமுன், வினவப்பட்ட உயிர் அசையக்கூடிய நிலையில் இருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.